உண்ணிக் காய்ச்சலும் டி செல்களும்: ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா?



போடி அருகே ராசிங்காபுரம் பக்கமுள்ள குடும்பங்களுக்கு மலை என்பது பிழைப்பு. விடியற்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் கவாத்து செய்யவும் போய், பொழுது சாய்ந்து இறங்கும் பெண்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு, நம் ஜமாஅத்திலும் உண்டு. அவர்களில் ஒருவரை அவருடைய கணவர் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு நம்மிடம் அழைத்து வந்தார். காய்ச்சல் தொடங்கி எட்டாவது நாள். "ஓதி ஊதி விடுங்க ஹஜ்ரத்" என்றார்.

ஓதினோம். பிறகு, "மலைக்காட்டில் வரும் உண்ணிக் காய்ச்சலா என்று டாக்டரிடம் கேட்டீர்களா?" என்றோம். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அது இவளுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்து போச்சு ஹஜ்ரத். அம்மை மாதிரி, ஒருக்க வந்தா திரும்ப வராதுல்ல? அதனால நாங்க டாக்டர்கிட்ட அதப் பத்தியே பேசல."

அன்றிரவே மாமியார் மருமகளைத் தனியாக வைத்து உடம்பைப் பார்த்திருக்கிறார். மார்புக்குக் கீழே, துணி மறைக்கும் இடத்தில், பீடி சுட்டது போலக் கறுத்த ஒரு பொருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை என்பதால் அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே பார்த்த இடத்தில் ஊசிகள் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் புண்ணை யாரும் கேட்கவும் இல்லை, இவர் காட்டவும் இல்லை. மறுநாள் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, சரியான மருந்து ஏறிய இரண்டாவது நாளில் காய்ச்சல் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கணவர் கேட்ட கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. அம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. இது ஏன் திரும்ப வந்தது?

நாம் மருத்துவர் அல்ல. மதரஸாவில் ஓதிவிட்டு, பிறகு கலைப்பிரிவில் பட்டம் பெற்றவர்கள். ஆகவே படித்தும், மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு நோய்கள் அடங்கும். ஒன்று, நாய்களிலும் கால்நடைகளிலும் ஒட்டியிருக்கும், கண்ணால் பார்க்கக்கூடிய உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சல். இதை உண்டாக்கும் பாக்டீரியா ரிக்கெட்ஸியா கொனோரி. உண்ணி கடித்தபின் வரும் டைபஸ் போன்ற இந்தக் காய்ச்சலைப் பற்றி 1917-இலேயே குமாவோன் மலைப்பகுதியிலிருந்து மெகா என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இதில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை செம்புள்ளிகள் வரும்.

மற்றது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது இதுதான். இதைப் பரப்புவது உண்ணியின் சிறிய உறவினரான ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். எலி, மூஞ்சூறு ஆகியவற்றின் காதுகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. தன் வாழ்நாளில் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் பிற உயிரைக் கடிக்கும். வளர்ந்தபின் மண்ணிலுள்ள சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவதால், ஓர் இடத்தில் நோய் ஊன்றிவிட்டால் எளிதில் போவதில்லை. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானிய மொழியில் 'சுட்சுகா' என்றால் நோய், தீங்கு. 'முஷி' என்றால் பூச்சி. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதற்குச் 'செள்ளுப் பனி' என்று பெயர். அங்கே 'பனி' என்றால் காய்ச்சல். பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, 'மலைப்பனி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்' என்று நினைத்து வீட்டில் போர்த்திப் படுத்தவர்களும் உண்டு.

ஏலத்தோட்ட வேலைக்கும் இந்தப் பூச்சிக்கும் உள்ள தொடர்பைத் தோட்டத்துக்குப் போனவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுப்பவர் ஈரச் சருகின் மேல் குந்தியோ உட்கார்ந்தோ மணிக்கணக்கில் வேலை செய்கிறார். அட்டை கடித்தால் ரத்தம் வரும், தெரியும். புகையிலையோ உப்போ வைத்துத் தட்டிவிடுவார்கள். சிற்றுண்ணிக் குஞ்சு கடித்தால் தெரியாது. உடை இறுகும் இடமாகப் பார்த்து, இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ் என்று ஒட்டிக்கொள்ளும். ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும்.

இது மலைவாசிகளின் நோய் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து வடதமிழகத்தின் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு, கிராமங்களில் வரும் காய்ச்சல்களில் குறிப்பிடத்தக்க பங்கு ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம் என்று காட்டியது. அவை வயலும் வீடும் கலந்த சாதாரணக் கிராமங்கள். 2024-25 பனிக்காலத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறையும் இந்நோய் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

செல்லுக்குள் ஒளியும் கிருமி

இப்போது அந்தக் கணவரின் கேள்விக்கு வருவோம்.

நம் உடம்பின் பாதுகாப்பில் 'ஆன்டிபாடி' என்ற பெயரை கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டோம். ரத்தத்தில் மிதந்து, கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, அதைச் செயலற்றதாக்கும் புரதம் அது. திறந்த வெளியில் சுற்றும் கிருமிக்கு அது போதும். ஆனால் ரிக்கெட்ஸியாவும் ஓரியன்ஷியாவும் திறந்த வெளியில் நிற்பதில்லை. நம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்து, அதன் உணவைத் தின்று, அங்கேயே பெருகுகின்றன. குறிப்பாக ரத்தக் குழாய்களின் உட்புறச் சுவராக அமைந்த செல்களுக்குள் குடியேறுகின்றன. சுவர் கெட்டால் குழாய் கசியும். தோலில் புள்ளிகள், நுரையீரலில் நீர், மூளைக் குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஆகிய அனைத்தும் பெரும்பாலும் இந்தக் கசிவின் விளைவுகள். புள்ளிக் காய்ச்சல் கிருமி இன்னும் தந்திரமானது: ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு வெளியே தலைகாட்டாமலேயே தள்ளிக்கொண்டு போகக்கூடியது. வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்ட திருடனைத் தெருவில் நிற்கும் காவலர் என்ன செய்ய முடியும்?

அதற்காகத்தான் அல்லாஹ் டி செல்களை வைத்திருக்கிறான். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெறும் வெள்ளை அணுக்கள் இவை. தைமஸின் முதல் எழுத்தே இவற்றுக்குப் பெயரானது. 1961 வரை அந்தச் சுரப்பியால் பெரிய பயன் இல்லை என்றே மருத்துவ உலகம் நினைத்திருந்தது; ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர்தான் பிறந்த எலிக்குட்டிகளில் அதை அகற்றிப் பார்த்து அதன் வேலையைக் கண்டறிந்தார். உடம்பில் பயனற்றதென்று மனிதன் ஒதுக்கியவை பின்னால் பயனுள்ளதாகத் தெரியவந்த கதைகளில் இதுவும் ஒன்று.

தாழிட்ட வீட்டுக்குள் திருடன் இருப்பது டி செல்லுக்கு எப்படித் தெரியும்? நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எடுத்து வாசலில் மாட்டி வைத்துக்கொண்டே இருக்கிறது. டி செல் வாசல் வாசலாகப் பார்த்துப் போகும். தன் வீட்டுப் பொருள் மட்டும் தொங்கினால் கடந்துபோகும். அந்நியத் துணுக்கு தொங்கினால் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1974-இல் இதைக் கண்டறிந்த ட்சிங்கர்நாகல், டோஹெர்ட்டி இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டி செல்களில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு வகை. சிடி4 எனப்படும் உதவி டி செல். சிடி8 எனப்படும் கொல்லும் டி செல். எச்ஐவி கிருமி அழிப்பது முதல் வகையை. காசநோய்க்காகக் கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கிறார்களே, அந்த மாண்டோ பரிசோதனையில் வீங்குவதும் பழைய பகையை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அங்கே திரள்வதால்தான். காசநோய்க் கிருமியும் செல்லுக்குள் வாழ்வது என்பதால் இந்த ஒப்புமை பொருந்தும்.

உண்ணிக் காய்ச்சலில் டி செல்கள் இரண்டு விதமாகப் போராடுகின்றன. முதலாவது, காமா இன்டர்ஃபெரான் என்ற இரசாயனச் செய்தியை வெளியிடுகின்றன. அதைப் பெற்ற செல், தனக்குள் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்களை உற்பத்தி செய்து, உள்ளே இருக்கும் கிருமியைத் தானே கொல்கிறது. இதில் வீடும் மிஞ்சும். இரண்டாவது வழி கடுமையானது. சிடி8 செல், கிருமி குடியேறிய செல்லின் சுவரில் துளையிட்டு, செல்லையே சாகடிக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் டேவிட் வாக்கர் தலைமையிலான குழுவினர் எலிகளில் செய்த ஆய்வுகள், ரிக்கெட்ஸியாவை உடம்பிலிருந்து துடைப்பதில் இந்தச் சிடி8 செல்களின் பங்கே முதன்மையானது என்று காட்டின. அவை வேலை செய்ய முடியாத எலிகள், மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் சிறு அளவுக் கிருமிக்கே மடிந்தன. ஆன்டிபாடிக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இரண்டாம் முறை கிருமி நுழையும்போது வாசலிலேயே தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஆனால் படை என்றால் சேதமும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓரியன்ஷியாவை வைத்து எலிகளில் செய்த ஆய்வில், காப்பாற்றியதும் சிடி8 செல்களே, உடலுறுப்புகளில் வீக்கத்தையும் பாதிப்பையும் உண்டாக்கியதும் அவையே என்று தெரிந்தது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற வேறொரு கிருமியில், கட்டுக்கடங்காத டி செல்களே எலிகளை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளுகின்றன. 'இம்யூனிட்டியைக் கூட்டும் பொடி' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை இதனால்தான் நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம். தேவைப்படுவது அதிக எதிர்ப்பு அல்ல. அளவான எதிர்ப்பு, சரியான நேரத்தில். அந்த அளவை எந்தப் பொடி டப்பாவும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. கருஞ்சீரகமும் தேனும் சாப்பிடுவதை நாம் தடுக்கவில்லை, நாமும் சாப்பிடுகிறோம். மருந்துக்குப் பதிலாக அதை வைப்பதைத்தான் தடுக்கிறோம்.

திரும்ப வருவது ஏன்?

ஒரு போருக்குப் பின் பெரும்பாலான டி செல்கள் மடிந்துவிடும். சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும. அம்மையில் அந்த நினைவு பல பத்தாண்டுகள் நிற்கிறது. புள்ளிக் காய்ச்சல் வகையிலும் எதிர்ப்பு நீண்ட காலம் நிற்பதாகவே தெரிகிறது. ஸ்க்ரப் டைபஸில் அப்படியில்லை, இரண்டு காரணங்களால்.

ஒன்று, ஓரியன்ஷியாவில் ஏராளமான வகைகள். கார்ப், கேட்டோ, கில்லியம் என்று பழைய ஆய்வாளர்கள் பெயரிட்ட வகைகளே இன்னும் பேசப்படுகின்றன. வேலூரில் நோயாளிகளிடம் கேட்டோ, கார்ப் ஆகிய இரண்டைச் சார்ந்த வகைகள் அதிகம் காணப்பட்டன. கிருமியின் மேலுறையில் உள்ள முக்கியமான புரதம் வகைக்கு வகை மாறுகிறது. ஒரு வகையின் முகத்தை நினைவில் வைத்த செல்லுக்கு இன்னொரு வகையின் முகம் அடையாளம் தெரிவதில்லை. மற்றொன்று, அதே வகையிடமும் நினைவு மங்கிவிடுகிறது. முன்பு மனிதர்களிடம் செய்த ஆய்வுகளின்படி, அதே வகைக்கு எதிர்ப்பு ஓரிரு ஆண்டுகள், சிலரிடம் இன்னும் சற்றுக் கூடுதலாக நிற்கிறது. வேறு வகைக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. ஆகவே, அந்தச் சகோதரிக்கு இரண்டாண்டில் மறுபடி வந்ததில் வியப்பே இல்லை. 'முன்னாடியே வந்து போச்சு' என்பது டாக்டரிடம் மறைக்க வேண்டிய செய்தி அல்ல. முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

தடுப்பூசி இல்லாததற்கும் காரணம் இதுவே. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் ஏராளமான படைவீரர்கள் இந்நோயில் விழுந்தபோது, பிரிட்டன் அவசர அவசரமாக ஒரு தடுப்பூசியைத் தயாரித்தது; அது பலன் தரவில்லை. இன்று வரை நல்ல தடுப்பூசி கைக்கு வரவில்லை.

மருந்தும் டி செல்லும்

1948-இல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் மருந்தை ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தது. அதுவரை தாதியர் கவனிப்பைத் தவிர வேறு நல்ல சிகிச்சை இல்லாதிருந்த நோய் சில நாட்களில் வணங்கியது. அப்போது ஒரு விசித்திரத்தையும் கண்டார்கள். நோய் தொடங்கிய மிக ஆரம்ப நாட்களிலேயே மருந்தைக் குறைந்த நாட்களுக்குக் கொடுத்து நிறுத்தினால், சிலருக்குக் காய்ச்சல் மறுபடி திரும்பியது. காரணம், இந்த மருந்துகள் கிருமியை முற்றாகக் கொல்வதில்லை. பெருகவிடாமல் பிடித்து வைக்கின்றன. மிச்சத்தை முடிப்பது நம் உடம்பின் எதிர்ப்புப் படை. டி செல்கள் தேவையான எண்ணிக்கையில் திரள ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். படை வருமுன் பிடியை விட்டால் கிருமி மறுபடி எழும்.

இன்று கொடுப்பது டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் மீதி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். ஏன் முழுவதும் சாப்பிடச் சொல்கிறார்கள் என்பது மேலே சொன்னதிலிருந்து விளங்கும். பென்சிலின் வகை ஊசிகள், அவற்றின் உறவான செஃப் வகை ஊசிகள் எத்தனை போட்டாலும் இதற்குப் பயனில்லை. நாம் கண்ட சகோதரி எட்டு நாள் ஊசி போட்டும் கிடந்தது இதனால்தான். காய்ச்சலை உடனே இறக்க ஸ்டீராய்டு ஊசி கேட்டு வாங்குவது இன்னும் ஆபத்து. டி செல்களை அடக்கி வைப்பதே ஸ்டீராய்டின் வேலை.

நோய் முற்றியவர்களுக்கு ஒரு மருந்து போதாது என்பதை நம் நாட்டு மருத்துவர்களே நிரூபித்தார்கள். வேலூர் மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 கடும் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றியவர்களில் 33 சதவீதத்தினருக்கே மரணமோ, தீராத சிக்கலோ, தணியாத காய்ச்சலோ ஏற்பட்டது. ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். மருத்துவமனைக்குத் தாமதமாகப் போனால் சேர்த்துக் கொடுத்தும் மூன்றில் ஒருவர் சிரமப்படுகிறார் என்பதையும் இதே கணக்கில் படிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். கடையில் கேட்டு டாக்சிசைக்ளின் வாங்கிப் போட வேண்டாம்.

வெட்கம் பற்றி

இதை ஓர் ஆலிமாக எழுதியே ஆக வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று வருபவரிடம் அந்தக் கறுத்த பொருக்கு இருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்பே மருத்துவர் நோயை ஊகித்துவிடுவார். ரத்தப் பரிசோதனையோ முதல் வாரத்தில் பல சமயம் ஒன்றும் காட்டாது. அது தேடுவது ஆன்டிபாடியை, அது உருவாகவே ஒரு வாரம் ஆகும். ஆனால் பொருக்கு இருப்பதோ நாம் மறைக்கும் இடங்களில். ஹயா ஈமானுடைய பண்பு, அதில் மறுபேச்சு இல்லை. அதே சமயம், சிகிச்சைக்குத் தேவையான இடத்தைத் தேவையான அளவு மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ இருந்தால் அவரிடம். இல்லையெனில் ஆண் மருத்துவரிடம், துணையோடு. வாயால் 'இன்ன இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறது' என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். வீட்டிலேயே தாயோ மாமியாரோ சகோதரியோ பார்த்துவிடலாம். பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இல்லையென்றால் நோய் இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

மலையிலிருந்து இறங்கியதும் வேலைத்துணியைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வருவது சிற்றுண்ணிக் குஞ்சு ஊன்றுமுன் அதைக் கழுவிவிடும். காட்டில் உட்காருவதென்றால் ஒரு சாக்கையோ தார்பாயையோ விரித்து உட்காரலாம், கழற்றிய துணியைப் புதரில் போடாமல் தொங்கவிடலாம். பெரிய உண்ணி உடம்பில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடி நெருப்பால் சுடுவதும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அந்தச் சகோதரி இரண்டு மாதம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி காய் எடுக்கப் போகிறார். குடும்பத்துக்கு வேறு வழியில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த சீட்டை அவருடைய கணவர் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அடுத்து யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அதை டாக்டரிடம் நீட்டுவதாக நம்மிடம் சொல்லியிருக்கிறார்.